நூறு பவுண்டு நாணயத்தை யார் வாங்குவார்?

2015-இல் பிரிட்டனின் ராயல் மின்ட் 100 பவுண்டு வெள்ளி நாணயம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் பிக் பென் கோபுரம். உள்ளே ஏறத்தாழ 2 அவுன்ஸ் வெள்ளி. விலையும் அதே 100 பவுண்டுதான். நூறு பவுண்டை நூறு பவுண்டுக்கே தருகிறேன் என்று அரசாங்க நாணயச்சாலையே சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? பிடிக்காமல் போனால் வங்கியில் கட்டிவிட்டால் போயிற்று என்று மக்கள் நினைத்தார்கள். சில சாமர்த்தியசாலிகள் கடன் அட்டையில் மொத்தமாக வாங்கி, அதற்குக் கிடைக்கும் விமானப் பயணப் புள்ளிகளை வரவு வைத்துக்கொண்டு, நாணயங்களை வங்கியில் செலுத்தி அட்டைக் கடனை அடைத்துவிடலாம் என்றுகூடப் பார்த்தார்கள்.

2016 தொடக்கத்தில் வங்கிகள் கையை விரித்தன. இவை சேகரிப்பாளர்களுக்காக அடிக்கப்பட்டவை, புழக்கத்துக்கு வந்தவை அல்ல என்பது ராயல் மின்ட் தரப்பு விளக்கம். நாணயத்தில் 100 பவுண்டு என்று பொறித்திருக்கிறதே என்று கேட்டவர்களுக்குச் சட்டம் விளக்கப்பட்டது. ‘சட்டப்படி செல்லும் பணம்’ என்பதற்குப் பிரிட்டனில் பொருள் மிகக் குறுகியது: கடனைத் தீர்க்க அதை நீட்டினால், கடன் கட்டவில்லை என்று நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அவ்வளவே. கடைக்காரரோ வங்கியோ அதை வாங்கியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அன்றைய நிலவரத்தில் வெள்ளி அவுன்ஸ் 10 பவுண்டு அளவில் இருந்தது. ஆக, 100 பவுண்டு கொடுத்து வாங்கியவர் கையில் இருந்தது 20 பவுண்டுச் சொச்சம் பெறுமானமுள்ள வெள்ளி.

நினைவு நாணயங்களின் மறுவிற்பனை விலை பற்றிய கேள்வி முழுவதும் இந்த ஒரு நாணயத்துக்குள் அடங்கிவிடுகிறது. அரசு அடித்தது, நல்ல உலோகம், அழகான வேலைப்பாடு, வெல்வெட் பெட்டி, சான்றிதழ். எல்லாம் இருந்தும் விற்கப் போகும் நாளில் போட்ட முதல் கிடைப்பதில்லை. பிரிட்டனில் மட்டுமல்ல, அமெரிக்கா, கனடா, ஜப்பான், இந்தியா என்று எங்கும் இதே கதைதான். அங்கங்கே விதிவிலக்குகளும் உண்டு. அவைதான் ஆசையை அணையவிடாமல் வைத்திருக்கின்றன.

இது புதிய வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் முதல் நினைவு நாணயமே இப்படித்தான் தொடங்கியது. கொலம்பஸ் வந்த 400-ஆம் ஆண்டையொட்டிய சிகாகோ உலகக் கண்காட்சிக்காக 1892, 1893 ஆண்டுகளில் அரை டாலர் வெள்ளி நாணயம் அடித்தார்கள். 50 சென்ட் நாணயத்தின் விற்பனை விலை 1 டாலர். ரெமிங்டன் தட்டச்சுப்பொறி நிறுவனத்தார் விளம்பரத்துக்காக முதல் நாணயத்தை 10,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அடித்ததோ ஏறக்குறைய 50 லட்சம். கண்காட்சி முடிந்தபோது விற்காமல் கிடந்தவை மலைபோல் குவிந்தன. லட்சக்கணக்கில் உருக்கினார்கள், மிச்சம் கணிசமானவை 50 சென்ட்டுக்கே சந்தையில் விடப்பட்டன. டாலர் கொடுத்து வாங்கி வீட்டில் பத்திரப்படுத்தியவர், அதே நாணயத்தை மறு வருடம் மளிகைக் கடைச் சில்லறையில் பார்த்திருப்பார்.

1930-களில் நோய் முற்றியது. ஊருக்கு ஒரு நூற்றாண்டு விழா, விழாவுக்கு ஒரு அரை டாலர் என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் மசோதா கொண்டுவந்தார்கள். விற்கும் உரிமை தனியார் குழுக்களிடம் போனது. 1936-இல் சின்சினாட்டி நகர் இசை மையமாகி 50 ஆண்டு என்ற பெயரில், மூன்று நாணயச்சாலைகளிலும் தலா 5,000 என்று வெறும் 15,000 அரை டாலர்கள் அடிக்கப்பட்டன. மூன்று நாணயம் கொண்ட செட் 7.75 டாலர். சாதாரண மனிதர் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்று பதில். சில மாதங்களில் அதே செட் பல மடங்கு விலைக்குச் சந்தையில் கிடைத்தது. இத்தனைக்கும் 1886-இல் அந்த ஊரில் இசை வரலாற்றில் குறிப்பிடத்தக்க எதுவும் நடக்கவில்லை என்று நாணய அறிஞர்கள் அப்போதிருந்தே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கருவூலத் துறை வெறுத்துப்போய் எதிர்த்தது. 1954-க்குப் பிறகு அமெரிக்காவில் நினைவு நாணயமே 28 ஆண்டுகள் நின்றுபோனது.

1982-இல் ஜார்ஜ் வாஷிங்டனின் 250-ஆவது பிறந்தநாளுக்கு மறுபடி கதவு திறந்தது. 90 சதவீத வெள்ளியில் அடித்த அந்த அரை டாலர், சாதாரணம், கண்ணாடி மெருகுள்ள ‘புரூஃப்’ என்ற இரண்டு வகையிலுமாகச் சேர்த்து 70 லட்சத்துக்கு மேல் விற்றது. நாணயச்சாலைக்குக் கொண்டாட்டம். வாங்கியவருக்கு? 70 லட்சம் நாணயங்களும் உறையோடும் பெட்டியோடும் பத்திரமாக இருக்கின்றன. இன்று அதை வாங்கும் வியாபாரி வாஷிங்டன் முகத்தைப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்க்கிறார்.

அடுத்து வந்தது 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ். 1933-க்குப் பிறகு அமெரிக்கா அடித்த முதல் தங்க நாணயம் என்ற பெருமையோடு 10 டாலர் தங்க நாணயம் வெளியானது. புரூஃப் நாணயத்தின் விலை சுமார் 350 டாலர். உள்ளே இருந்த தங்கம் அரை அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு தங்கம் அவுன்ஸ் 360 டாலர் அளவில் இருந்ததால், வாங்கியவர் தங்கத்தின் பெறுமானத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுத்தார். தங்கத்தை வைத்தே முதலை எடுக்க வேண்டுமென்றால் அவுன்ஸ் 725 டாலரையாவது தாண்டி நிற்க வேண்டும். அது நடந்தது 2007 வாக்கில். இருபது ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்து போட்ட முதலை மட்டும் எடுத்தவருக்கு, இடையில் டாலர் இழந்த மதிப்பைச் சேர்த்தால் பாதிக்குப் பாதி நஷ்டம்.

ஏன் இப்படி? வெளியீட்டு விலையைப் பிரித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அதில் உலோகத்தின் விலை ஒரு பங்கு. அச்சு, மெருகு, பெட்டி, விளம்பரம் இன்னொரு பங்கு. அமெரிக்காவில் சட்டமே விதிக்கும் கூடுதல் தொகை ஒன்றும் உண்டு: வெள்ளி டாலருக்கு 10 டாலர், 5 டாலர் தங்க நாணயத்துக்கு 35 டாலர் என்று விழா நடத்தும் அமைப்புக்குப் போகும் நன்கொடை அது. 1986-இல் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க இந்த வழியில் 8 கோடி டாலருக்கு மேல் திரண்டது. நல்ல காரியம்தான். ஆனால் கோயில் உண்டியலில் போட்ட பணத்தைத் திரும்ப எதிர்பார்க்க முடியுமா? மறுவிற்பனையில் உலோகம் ஒன்றுதான் நிச்சயமாக உயிர் பிழைக்கிறது. உலோகமே மட்டமாக இருந்தால் அதுவும் இல்லை. அதே 1986-இல் செம்பு-நிக்கலில் அடித்த சுதந்திர தேவி அரை டாலர், புரூஃப் மட்டுமே 69 லட்சம் விற்றது. இன்றும் சில டாலருக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மீதிப் பாதி விடை அழிவைப் பற்றியது. பழைய நாணயம் அரிதாவது அழிவினால். ராஜராஜன் காசோ விக்டோரியா ரூபாயோ, அடித்த காலத்தில் யாரும் பஞ்சுக்குள் வைத்துப் பாதுகாக்கவில்லை. தேய்ந்தன, உருகின, புதைந்தன, தாலிக்குண்டாயின. தப்பிப் பிழைத்த சிலவற்றில் நல்ல நிலையில் இருப்பவை இன்னும் சில. நவீன நினைவு நாணயம் பிறக்கும்போதே பிளாஸ்டிக் உறைக்குள் பிறக்கிறது. எதுவும் தொலைவதில்லை, தேய்வதில்லை. இருபது ஆண்டு கழித்து விற்க வருபவரிடமும் புத்தம்புதியது, அவருடன் போட்டியிடும் பத்தாயிரம் பேரிடமும் புத்தம்புதியது. போதாததற்கு, விற்பவரும் வாங்கக்கூடியவரும் பெரும்பாலும் ஒரே கூட்டம். அந்த நாணயம் வேண்டும் என்று நினைத்த எல்லாரும் வெளியான ஆண்டிலேயே வாங்கிவிட்டார்கள்.

பிரிட்டனில் இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1965-இல் சர்ச்சில் மறைவையொட்டி 5 ஷில்லிங் கிரவுன் நாணயம் சுமார் 1 கோடியே 96 லட்சம் அடித்தார்கள். 1977-இல் ராணியின் வெள்ளி விழாவுக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1981-இல் சார்லஸ்-டயானா திருமணத்துக்கு மறுபடி கோடிக்கணக்கில். அரை நூற்றாண்டாகப் பிரிட்டிஷ் வீடுகளின் அலமாரிகளில் இவை கிடக்கின்றன. பேரப்பிள்ளைகள் கடைக்குக் கொண்டுபோனால் ஒன்றிரண்டு பவுண்டு பேச்சுக்கு மேல் எழும்புவதில்லை.

இதற்கு நேர்மாறான பக்கமும் சுவையானது. 2009-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் 250-ஆம் ஆண்டுக்காக வெளியான 50 பென்ஸ் நாணயம் சாதாரணச் சில்லறையாகப் புழக்கத்துக்கு வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. சில ஆண்டுகள் கழித்து, மொத்தமே 2 லட்சத்து 10 ஆயிரம்தான் அடித்தார்கள் என்ற தகவல் பரவியது. விலை நூறு பவுண்டைத் தாண்டியது. மொனாக்கோ 2007-இல் இளவரசி கிரேஸ் கெல்லி நினைவாக அடித்த 2 யூரோ நாணயம் வெறும் 20,001. இன்று ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விலைபோகிறது. அமெரிக்காவில் 1995, 96 ஆண்டுகளில் அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காக 16 வகை நாணயங்களை இரண்டிரண்டு தரத்தில், 32 ஆகக் கொட்டினார்கள். சேகரிப்பாளர்கள் சலித்துப்போய் வாங்கவே இல்லை. விளைவு, அவற்றில் சில வகைகள் 15,000 கூட விற்கவில்லை. பின்னாளில் விலை ஏறியவை அவைதான். 1997-இல் கறுப்பினப் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நினைவாக வெளியான 5 டாலர் தங்க நாணயம் சாதாரணத் தரத்தில் 5,174 மட்டுமே விற்றது. பின்னர் வெளியீட்டு விலையைப்போல் பல மடங்குக்குப் போய், அந்த உச்சியிலிருந்து அதுவும் பெருமளவு இறங்கியது.

ஆக, எல்லாரும் விரும்பி வாங்கிய நாணயம் விலை இறங்குகிறது. யாரும் சீந்தாத நாணயம் ஏறுகிறது. எது சீந்தப்படாமல் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எல்லாரும் அதை வாங்கிவிடுவார்கள், அப்போது அது சீந்தப்படாத நாணயமாக இருக்காது. ‘வரையறுக்கப்பட்ட வெளியீடு’ என்று விளம்பரம் கத்தும் நாணயம் முதலீடாகத் தோற்பது இதனால்தான்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1996-இல் பாடம் படித்து, ஆண்டுக்கு இரண்டு நினைவு நாணயத் திட்டங்களுக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. மற்ற நாடுகள் அப்படி எந்த விரதமும் எடுத்துக்கொள்ளவில்லை. பசிபிக் பெருங்கடலில் இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்களே வாழும் நியுவே தீவின் பெயரில் 2011-இல் ஸ்டார் வார்ஸ் நாணயங்கள் வந்தன. துவாலு, குக் தீவுகள் பெயரிலும் வண்ணம் பூசியவை, விண்கல் துண்டு பதித்தவை, கார்ட்டூன் பாத்திரங்கள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் தீவுகளில் இவற்றைக் கொடுத்து ஒரு தேங்காய் வாங்கியவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

தனியார் நிறுவனங்களின் கதை இன்னும் மோசம். 1964-இல் ஜோசப் சீகல் தொடங்கிய பிராங்க்ளின் மின்ட், மாதச் சந்தா கட்டினால் மாதம் ஒரு வெள்ளிப் பதக்கம் வீட்டுக்கு வரும் என்ற திட்டத்தில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தையே வளைத்தது. 1978-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி, இவற்றை விற்கப் போனால் என்ன கிடைக்கிறது என்று அம்பலப்படுத்தியது. அதன் பிறகு அந்த மவுசு பழையபடி திரும்பவில்லை. 1980 ஜனவரியில் அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்களின் பதுக்கலால் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டபோது, இந்தப் பதக்கங்கள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. விற்றவர்களில் பலருக்குப் போட்ட பணம் திரும்பக் கிடைத்த ஒரே வாய்ப்பு அந்தச் சில வாரங்கள்தான்.

முக மதிப்பு காப்பாற்றாதா? நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் காப்பாற்றுகிறது. வழக்கொழிந்த 10 மார்க் நினைவு நாணயத்தைக் கூட அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் வாங்கிக்கொண்டு 5.11 யூரோ தருகிறது. வெள்ளி விலை ஏறியபோது 10 யூரோ நாணயத்துக்குள் இருந்த வெள்ளியே 10 யூரோவைத் தாண்டிவிடும் போலிருந்ததால், 2011-இல் சாதாரண வகையைச் செம்பு-நிக்கலுக்கு மாற்றினார்கள். கனடாவில் 2011-இல் ‘20 டாலருக்கு 20 டாலர்’ என்று கால் அவுன்ஸ் வெள்ளி நாணயம் விற்றார்கள். வங்கிகள் மறுக்கத் தொடங்கியதும் அங்கேயும் பிரிட்டன் கதைதான்.

ஜப்பான் கதை தனி ரகம். பேரரசர் ஹிரோஹிட்டோ அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதற்காக 1986-இல் 20 கிராம் சுத்தத் தங்கத்தில் 1 லட்சம் யென் நாணயத்தை அரசு வெளியிட்டது. ஒன்றல்ல இரண்டல்ல, 1 கோடி நாணயங்கள். உள்ளே இருந்த தங்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 40,000 யென். மிச்சம் 60,000 அரசின் லாபம். அரசு லாபம் பார்க்கும் இடத்தில் கள்ளனும் பார்க்க மாட்டானா? அசல் தங்கத்திலேயே போலி அடித்தார்கள். 1990-இல் விஷயம் வெளிவந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிகள் ஐரோப்பா வழியாக ஜப்பானுக்குள் வந்து மாற்றப்பட்டிருந்தன. சேகரிப்பாளர்கள் மிரண்டுபோனார்கள்; கூடுதல் விலை என்ற பேச்சே இல்லாமல் போனது. பொறுமையாக முப்பத்தைந்து ஆண்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் யோகம் அடித்தது. தங்கம் ஏறிய ஏற்றத்தில் இன்று உள்ளிருக்கும் உலோகமே 2 லட்சம் யென்னுக்கு மேல். அந்த லாபம் தங்கத்துக்குச் சேர வேண்டியது. பேரரசருக்கும் விழாவுக்கும் அதில் பங்கில்லை.

1980-களின் நடுவில் சந்தைக்குள் இன்னொரு ஆள் நுழைந்தார்: தரச்சான்று நிறுவனம். 1986-இல் பிசிஜிஎஸ், மறு ஆண்டு என்ஜிசி. நாணயத்தை 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டு, பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைத்துத் தருவது இவர்கள் வேலை. பழைய நாணயங்களுக்கு இது பெரும் உதவி, போலிப் பயம் போயிற்று. புதிய நாணயத்தில் நிலைமை வேறு. இயந்திரம் அடிப்பதே 69, 70 தரத்தில்தான். ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கும் பழக்கம் வந்தது. 1995-இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையில் ஆண்டு நிறைவுச் செட்டுக்காக மட்டும் 30,125 அடிக்கப்பட்ட வெள்ளி ஈகிள் நாணயம், பிசிஜிஎஸ் 70 தரத்தில் 2013-இல் 86,000 டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த விலையைக் கண்டதும் பெட்டிக்குள் வைத்திருந்தவர்கள் எல்லாம் தத்தம் நாணயத்தைத் தரச்சான்றுக்கு அனுப்பினார்கள். 70 வாங்கியவை பெருகின. சில ஆண்டுகளில் அதே தரம் 20,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. நாணயம் மாறவில்லை, அடித்த எண்ணிக்கையும் மாறவில்லை. சான்றிதழின் அருமை மட்டும் குறைந்தது.

2014 ஆகஸ்டில் சிகாகோ நாணயக் கண்காட்சியில் கென்னடி உருவம் பொறித்த தங்க அரை டாலர் வெளியானபோது தெருவில் வரிசை நின்றது. வெளியீட்டு விலை 1,240 டாலர். கண்காட்சியில் முதலில் விற்ற நாணயத்தை வியாபாரிகள் 1 லட்சம் டாலருக்குக் கைமாற்றினார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் நாணயச்சாலை நேரடி விற்பனையையே நிறுத்தியது. மறு வருடம் தங்கம் இறங்கியது, சாதாரணக் கென்னடி நாணயமும் உலோக விலையை ஒட்டியே இறங்கியது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் நினைவு நாணயம் நேரு மறைந்த 1964-இல் வந்தது: ஒரு ரூபாயும் 50 காசும். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு 10 ரூபாய் வெள்ளி நாணயம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக நாட்டின் முதல் 1,000 ரூபாய் நாணயம். காமராஜர், அண்ணா, சி. சுப்பிரமணியம், எம்.ஜி.ஆர். என்று தமிழ்நாட்டுத் தலைவர்களுக்கும் வரிசையாக 5 ரூபாயும் 100 ரூபாயும் வந்திருக்கின்றன. 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியான கருணாநிதி நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம், அண்ணா அறிவாலயத்தில் 10,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. அப்போது கிராம் 90 ரூபாய் அளவில் இருந்த வெள்ளிக் கணக்கில் உள்ளே சுமார் 1,500 ரூபாய். வாங்கியவர்களில் பெரும்பாலோர் தலைவர் மீதான பற்றுக்காக வாங்கினார்கள், அதில் தவறொன்றும் இல்லை. நாளை பேரன் இதை விற்றுப் படிப்பான் என்று எண்ணி வாங்கியவர் இருந்தால், அவர்தான் கணக்கை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2011 நாணயச் சட்டப்படி அரசு நாணயத்தை உருக்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்கர் தன் ஒலிம்பிக்ஸ் டாலரை உலையில் போடுவதுபோல் இங்கே செய்ய முடியாது. வெள்ளி ஏறினாலும் நாணயத்தை நாணயமாகவே வாங்க ஆள் வேண்டும்.

புழக்கத்துக்கு வந்த 5, 10 ரூபாய் நினைவு நாணயங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வைஷ்ணவ தேவி படம் போட்ட நாணயம் இருந்தால் லட்சங்கள் கிடைக்கும் என்று சமூக ஊடகத்தில் சுற்றும் செய்தியை நம்பி, ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், தன் பெயரைப் பயன்படுத்திப் பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி அறிக்கை விட்டது. அந்த நாணயங்கள் பெருமளவில் அடிக்கப்பட்டவை. வியாபாரி தருவது முக மதிப்புக்குச் சற்று மேல், பல நேரம் அதுகூட இல்லை.

2025 அக்டோபரில் வெள்ளி மறுபடி அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டியதும், பழைய நினைவு நாணயப் பெட்டிகள் உலகெங்கும் பரணிலிருந்து இறங்கத் தொடங்கின. ‘பார்த்தீர்களா, விலை ஏறிவிட்டது’ என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே பணத்துக்கு அன்றே வெள்ளிக் கட்டி வாங்கியிருந்தால் இரண்டு மூன்று மடங்கு கூடுதல் வெள்ளி கையில் இருந்திருக்கும். நினைவு நாணயத்தின் கூடுதல் விலை பெரும்பாலும் வாங்கிய அன்றே செலவாகிவிட்டது.

பிடித்த நாணயத்தை வாங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் எடையைத் தூய்மையால் பெருக்கி அன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பாருங்கள். பிறகு பழகிய நாணய வியாபாரி ஒருவரிடம், ‘இதை நான் நாளைக்கே கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டு தொகைக்கும் வெளியீட்டு விலைக்கும் உள்ள தூரத்தை மனம் ஒப்பிக் கொடுக்க முடியுமானால் தயங்காமல் வாங்கலாம்.